ஒலிநாடாவில் எஞ்சிய சாட்சியம்

வட அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளில் கற்பிக்கப்படும் நாவல்களுள், கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ அளவுக்குப் பெற்றோரின் எதிர்ப்பைச் சந்தித்தவை சிலவே. அது டிஸ்டோபியா எனப்படும் வகையைச் சேர்ந்தது. நிகழ்காலத்தில் வித்தாக இருக்கும் தீமை முற்றி வளர்ந்தால் சமூகம் என்னவாகும் என்று கற்பனை செய்து காட்டும் புனைவு வகை அது. அமெரிக்க அரசைக் கவிழ்த்து நிறுவப்பட்ட கிலியட் என்னும் மதவாத ஆட்சியில் பெண்களுக்குப் படிப்பும் சொத்தும் மறுக்கப்படுகின்றன. கருத்தரிக்கும் திறனுள்ள பெண்கள் சிலர், பிள்ளை பெற்றுத் தருவதற்கென்றே உயரதிகாரிகளின் வீடுகளில் வைக்கப்படுகின்றனர்.

பாலியல் காட்சிகள் மிகுதி, கிறிஸ்தவம் இழிவுபடுத்தப்படுகிறது என்பனவே வழக்கமான புகார்கள். 2006ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஜட்சன் பள்ளி மாவட்டத்தில், பெற்றோர் ஒருவரின் புகாரை ஏற்றுக் கண்காணிப்பாளர் இந்நாவலைப் பாடத்திலிருந்து நீக்க, பள்ளி வாரியம் அதனை மீண்டும் சேர்த்தது. பதின்பருவத்தினர் இத்தகைய காட்சிகளைப் படிக்கலாமா என்ற பெற்றோரின் கவலை எள்ளத்தக்கதன்று. எனினும் அக்காட்சிகளில் கிளர்ச்சியூட்டுவது எதுவுமில்லை, சடங்காக்கப்பட்ட வன்முறையே உள்ளது. மனித வரலாற்றில் எங்கும் நிகழாத எதனையும் நாவலில் சேர்ப்பதில்லை என்பது அட்வுட் தமக்கு வகுத்துக்கொண்ட விதி என்பதால், 1966ஆம் ஆண்டில் ருமேனியாவில் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்த அந்நாட்டு ஆட்சியாளர் சௌஷெஸ்குவின் ஆணையை நாவலோடு சேர்த்துக் கற்பிக்க ஆசிரியருக்கு வழியுண்டு.

இவற்றினும் வளமானது, அவசரமாக முடிக்கப்படும் வகுப்புகளில் எளிதில் விடுபட்டுப்போகக்கூடிய இறுதிப் பகுதி. 2195ஆம் ஆண்டில் நடைபெறும் ஒரு வரலாற்று ஆய்வரங்கின் பதிவாக அமைந்த அப்பகுதியில்தான், மாணவர் அதுவரை படித்தது எழுத்தன்று, ஏறத்தாழ முப்பது ஒலிநாடாக்களில் ஒரு பெண் பேசிப் பதிந்த குரல் என்பதும், நாடாக்களின் வரிசையும் கதையின் தலைப்பும்கூட ஆண் பேராசிரியர்கள் இட்டவை என்பதும் தெரியவருகின்றன. உரையாற்றும் பேராசிரியரோ அவள் பட்டதைவிட அவளை ஆண்ட அதிகாரி யார் என்று அறிவதிலேயே முனைந்து, அந்த அதிகாரியின் கணினியிலிருந்து சில பக்கங்கள் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்குகிறார். அவருடைய கேலிக்கு அவை சிரிக்கிறது. அடக்குமுறை ஒழிந்த பின்னரும் பெண்ணின் சாட்சியம் ஐயத்துடனேயே கேட்கப்படும் இவ்விடத்தில் நின்று, முதல் அத்தியாயங்களை மீண்டும் படிக்கச் செய்யும் ஆசிரியர், யார் பேசுகிறார், யார் தொகுக்கிறார் என்னும் வினாக்களை மாணவரிடம் எழுப்ப முடியும். அதே சாட்சியத்தை மதிப்பெண்ணுக்காகப் பகுத்தெழுதும் வகுப்பும் அந்த ஆய்வரங்கிற்கு அயலானதா என்பது, தேர்வுத்தாளில் இடம்பெறாவிட்டாலும், வகுப்பறையில் விவாதிக்க வேண்டிய வினாவே.