படம் நம் ஊருக்கு வரும் வழி



நெல்லை விளைவிப்பவன் ஒருவன். அதை உண்பவன் வேறொருவன். இவ்விருவருக்கும் நடுவே தரகர் உண்டு, மண்டிக்காரர் உண்டு, வண்டிக்காரர் உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிக் கூடையுடன் போய் வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விளைச்சல் எவ்வளவு சிறந்ததாயினும், மண்டி வாங்க மறுத்தால் அன்றைய தக்காளி தெருவோரத்தில் அழுகத்தான் வேண்டும்.

திரைப்படத்துக்கும் இப்படி ஒரு மண்டி உண்டு. அதற்கு விநியோகம் என்று பெயர். நடிகர் பெயர் உங்களுக்குத் தெரியும். பாடியவர், இசையமைத்தவர் பெயர்களும் தெரியும். படத்தை விநியோகித்தவர் யார் என்று வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது நாமெல்லாம் இருக்கை தேடிக்கொண்டிருந்தோம் அல்லவா? ஆனால் எந்தப் படம் எந்த ஊருக்கு, எப்போது வரும் என்பதைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் அந்த மனிதரே. அவரைப் பற்றியும், அத்தொழிலில் பெயர் பெற்ற ஒரு குடும்பத்தைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் தொழிலின் இலக்கணம். படம் எடுப்பவருக்குக் கைப்பணம் போதாது. ஆகவே படம் முடியுமுன்னரே அதன் உரிமையைப் பகுதி பகுதியாக விற்பார். வாங்கும் முறை மூன்று. முழு விலை கொடுத்து வாங்கிவிடுவது ஒன்று. இதில் லாபமும் நட்டமும் வாங்கியவர் தலையில். குறைந்தபட்சம் இவ்வளவு தருவேன் என்று உறுதி கூறி, அதற்குமேல் வருவதைப் பங்கிட்டுக்கொள்வது இரண்டாவது. இதைத் தொழிலில் எம்.ஜி. என்பர், மினிமம் கியாரண்டி என்பதன் சுருக்கம் அது. முன்பணம் கொடுத்துவிட்டு, வசூலில் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்வது மூன்றாவது. படம் தோற்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை இதில் உண்டு. திரும்பி வருமா என்பது வேறு செய்தி.

நாடு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும் விதம் சரித்திர மாணவனுக்குச் சுவையானது. மத்திய மாகாணமும் பேராரும் தேசப்படத்திலிருந்து மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், வடக்கே படத்தொழிலில் சி.பி. பேரார் என்ற பெயர் மறையவில்லை. நிஜாம் அரசு போனது. நிஜாம் பகுதி போகவில்லை. நம் மாவட்டம் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்தது. விநியோகஸ்தர் கணக்கிலோ திண்டுக்கல் மதுரை–இராமநாதபுரம் ஏரியாவைச் சேர்ந்ததே. அரசாங்கம் எல்லைக்கல் நடலாம். பேரேட்டில் கோடு மாற்ற அதனால் ஆவதில்லை.

படச்சுருள் ஓடிய காலத்தில் ஒரு பிரதி என்பது வெறும் பேச்சன்று, கனமான பொருள். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 15,000 அடி வேண்டும். தகரப் பெட்டியில் அடைத்தால் திடமான ஆள்தான் தூக்க முடியும். 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருளோ எளிதில் தீப்பற்றக்கூடியது. ஒரு பிரதி அடிக்கவும் பெரும் செலவு. ஆகையால் சில பிரதிகளையே அடித்து ஊர் ஊராகச் சுற்றவிடுவார்கள். முதலில் மதுரை போன்ற நகரம், பிறகு தாலுகா ஊர், கடைசியில் கிராமத்துக் கொட்டகை.

தொப்பம்பட்டிப் பக்கத்தில் நான் சிறுவனாயிருந்தபோது அந்தக் கடைசி வரிசையில்தான் நாங்கள் இருந்தோம். பொங்கலுக்கு நகரத்தில் வெளியான படம் எங்கள் கீற்றுக் கொட்டகைக்கு வருவதற்குள் அடுத்த பொங்கலும் போயிருக்கும். பல நூறு காட்சிகள் ஓடித் தேய்ந்த சுருளில் கோடுகள் விழுந்து, திரையில் எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும். பெட்டி பேருந்தின் மேல் வந்து இறங்கும். அதனுடன் படப் பிரதிநிதி என்று ஒருவர், தோல்பையும் கசங்கிய சட்டையுமாக இறங்குவார். ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனைச் சீட்டுக் கிழிந்தது என்று எண்ணுவது அவர் வேலை. மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் எங்களைத் தலை தலையாக அவர் எண்ணும்போது, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலவே இருக்கும். கொட்டகைக்காரருக்கும் அவருக்கும் கணக்கில் வாக்குவாதம் நடவாத நாள் அரிது. சென்னையில் இருக்கும் விநியோகஸ்தர், தாம் கண்ணால் காணாத ஊரில், காணாத மனிதரின் சொல்லை நம்பிப் பணம் போட்டிருந்தார். இத்தொழிலின் உயிர்நிலை அந்த நம்பிக்கைதான். அது கெட்ட இடத்தில் வழக்கும் வட்டியும் வந்து அமர்ந்தன.

தொடக்க காலத்தில் இத்தனை பிரிவினைகள் இல்லை. 1905இல் திருச்சியில் இரயில்வேப் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் துண்டுப் படங்களையும் வாங்கிக்கொண்டு கூடாரமடித்து ஊர் ஊராகப் புறப்பட்டார். படத்தின் உடைமையாளரும் அவரே, கொட்டகைக்காரரும் அவரே. படங்கள் பெருகி அரங்குகளும் பெருகியபின்தான் நடுவே ஒருவர் தேவைப்பட்டார்.

இனி நான் சொல்ல வந்த குடும்பத்துக்கு வருகிறேன். தாராசந்த் பர்ஜாத்யா 1914இல் ராஜஸ்தானத்தில் குச்சாமன் என்ற ஊரில் பிறந்தவர். கல்கத்தாவில் பட்டப்படிப்பை முடித்து, 1933இல் மோத்தி மகால் தியேட்டர்ஸ் என்ற விநியோக நிறுவனத்தில் சம்பளமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பட்டம் பெற்றவன் சம்பளமில்லாமல் பெட்டிக் கணக்கு எழுதுவதா என்று இன்று நீங்கள் கேட்பீர்கள். படம் எந்த ஊரில் எதனால் ஓடுகிறது என்ற பாடத்தை அந்நாளில் எந்தக் கல்லூரியும் நடத்தவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1947 ஆகஸ்டு 15ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற அதே நாளில், ராஜ்ஸ்ரீ பிக்சர்ஸ் என்ற தம் சொந்த விநியோக நிறுவனத்தைத் தொடங்கினார்.

இவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு? அங்கேதான் எஸ்.எஸ். வாசன் வருகிறார். ஆனந்த விகடன் அதிபரான வாசனும் படத்தொழிலுக்குள் முதலில் விநியோகஸ்தராகவே நுழைந்தவர். தீக்கிரையாகி ஏலத்துக்கு வந்த ஸ்டுடியோவை வாங்கி, ஜெமினி என்று பெயர் சூட்டியது அதன் பின்னரே. பல ஆண்டு உழைப்பில் அவர் எடுத்த ‘சந்திரலேகா’ 1948 ஏப்ரலில் தமிழில் வெளியாயிற்று. முரசங்களின் மீது நடக்கும் நடனத்தை உங்கள் பாட்டனாரைக் கேட்டால் இன்றும் வர்ணிப்பார். மக்கள் திரண்டனர், ஆயினும் போட்ட முதல் தமிழ்நாட்டு வசூலில் மட்டும் மீளக்கூடியதாக இல்லை. இந்தியில் எடுத்து வடநாடு முழுவதும் வெளியிடும் முயற்சியில் வாசனுக்குத் துணை நின்றவர்களுள் தாராசந்த் முதன்மையானவர். அவ்வாண்டு டிசம்பரில் இந்திப் படம் வெளிவந்தது. சந்திரலேகாவுக்கு 600க்கு மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டதாகத் திரை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பிரதி 15,000 அடி என்றே கொள்வோம், பெருக்கிப் பாருங்கள். 90 லட்சம் அடி, அதாவது 2,700 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியில் ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை தில்லியை எட்டிவிடும். சென்னைப் படம் என்றால் முகம் சுளித்த வடநாட்டு வியாபாரிகள், அதன்பின் சென்னை ஸ்டுடியோக்களின் வாசலில் காத்திருந்தார்கள்.

இதில் வாசனின் கலைத்துணிவைப் புகழ்வோர் பலர். புகழத்தக்கதே. ஆனால் மொழி தெரியாத பத்து மாகாணங்களில், எந்த அரங்கு, எந்த வாரம், எவ்வளவு முன்பணம் என்று கணக்கிட்ட மூளைகளுக்கும் அப்புகழில் பங்கு உண்டென்பது என் கருத்து.

பதினைந்தாண்டுகள் பிறர் படங்களைச் சுமந்த ராஜ்ஸ்ரீ, 1962இல் ‘ஆரத்தி’ என்ற படத்தைத் தானே எடுத்தது. 1964இல் வந்த ‘தோஸ்தி’தான் வியப்பானது. பார்வையற்ற ஒரு பையன், கால் ஊனமுற்ற ஒரு பையன், அவர்களுடைய நட்பு, இவ்வளவே கதை. பெயர் பெற்ற நட்சத்திரம் ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட படத்தை எடுத்துக்கொண்டு ஒரு தயாரிப்பாளர் வெளி விநியோகஸ்தரிடம் போயிருந்தால், கதாநாயகி யார் என்பதே முதற் கேள்வியாக இருந்திருக்கும். பதில் இல்லையேல் பணமும் இல்லை. ராஜ்ஸ்ரீக்கோ கேட்பவர் எவருமில்லை. பெட்டி கொண்டுபோகும் வழி அவர்கள் கையிலேயே இருந்தது. அப்படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கானது உட்பட ஆறு பிலிம்பேர் விருதுகளைப் பெற்றது. விலையுயர்ந்த நட்சத்திரங்கள் இல்லாத எளிய குடும்பக் கதைகளை அந்நிறுவனம் தொடர்ந்து எடுத்தது. 1976இல் அவர்கள் எடுத்த ‘சித்சோர்’ படப்பாட்டுக்காகவே நம் கே.ஜே. யேசுதாஸ் இந்தியில் தேசிய விருது பெற்றார்.

இங்கே எனக்கு ஓர் ஐயமும் உண்டு, மறைப்பானேன். வழி ஒருவர் கையில் இருப்பது நல்லவர் கையில் இருக்கும்வரை நன்மை. அதே வழியை அடைத்துக்கொண்டு, சிறு படங்களுக்கு அரங்கே கிடைக்காமல் செய்வோரும் இத்தொழிலில் உண்டு. நல்ல படம் என்று பத்திரிகைகள் பாராட்டியதை, ஒரே வாரத்தில் அரங்கை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று நீங்களே பலமுறை குறைப்பட்டிருப்பீர்கள். மண்டிக்காரரை ஒழித்துவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். ஒழித்தால் அவ்விடத்தில் வேறொரு மண்டிக்காரர் வருவார். இப்போது கைபேசியில் படம் காட்டும் நிறுவனங்கள் அப்படி வந்தவையே. எதை முகப்பில் வைப்பது, எதை அடியில் புதைப்பது என்று அவையும் தீர்மானிக்கின்றன. அவற்றின் பேரேட்டைத்தான் நம்மால் பார்க்க முடிவதில்லை.

தாராசந்த் 1992இல் மறைந்தார். மகன்கள் தொழிலில் இருந்தார்கள். பேரன் சூரஜ் பர்ஜாத்யா இயக்குநரானார். அவரது ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ 1994இல் வெளியானபோது, திருட்டு வீடியோ கேசட்டால் திரையரங்குகள் காற்றாடின. குடும்பத்தார் பழைய விநியோகஸ்தரின் மூளையோடு யோசித்தனர். தொடக்கத்தில் மிகச் சில நல்ல அரங்குகளுக்கு மட்டுமே படத்தைக் கொடுத்தனர். வீடியோ உரிமையை விற்காமல் நிறுத்தி வைத்தனர். பம்பாய் லிபர்ட்டி அரங்கில் அது 100 வாரங்களைக் கடந்து ஓடிற்று. வீட்டுக்குள் அடைந்து கிடந்த குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு மீண்டும் அரங்குக்கு வந்தன.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே குடும்பம் நேர்மாறாக ஒன்று செய்தது. 2006 நவம்பரில் ‘விவாஹ்’ படத்தை அரங்குகளில் வெளியிட்ட அதே வேளையில், தங்கள் இணையத் தளத்திலும் வெளியிட்டார்கள். அந்நாளில் நம் நாட்டில் அது புதுமை. அதற்குச் சற்று முன்பின்னாகவே சென்னையில் கியூப் போன்ற நிறுவனங்கள் சுருளில்லாமல் படம் காட்டும் முறையைப் பரப்பத் தொடங்கியிருந்தன. அடுத்த பத்தாண்டுகளுக்குள் படச்சுருள் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இப்போது அரங்குக்கு வருவது மின்னணுக் கோப்பும், குறித்த நாள்களுக்கு மட்டும் அதைத் திறந்துவிடும் ஒரு கடவுச்சொல்லும். மதுரையில் படம் வெளியாகும் வெள்ளிக்கிழமையே பழனியிலும் வெளியாகிறது. திரையில் மழை பெய்வதில்லை.