தம்பிக்கு உடம்பு ஏறிப்போச்சு

இன்னிக்கு எங்க வீட்டுக் கதையிலேயே ஆரம்பிக்கிறேன்.

ஆம்பூர்ல என் பெரியம்மா பையன் இருக்கான். பதினேழு வயசு, பளுதூக்குற பையன். போன பொங்கலுக்குப் போனப்போ அவனை எனக்கு அடையாளமே தெரியல. நாலு மாசத்துல பதினோரு கிலோ ஏறியிருந்தான். சொந்தக்காரங்களுக்கு ஒரே சந்தோஷம். அவன்கூட பயிற்சி எடுக்குற பசங்க மட்டும் என்னைத் தனியா கூப்பிட்டு, "அண்ணா, ஊசி போடுறான் போல"ன்னாங்க. உண்மையைச் சொல்லணும்னா, எனக்கும் அதே சந்தேகம்தான்.

வேலூர்ப் பக்கம் பளுதூக்குதல்னா சும்மா இல்ல. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல கோல்ட் கோஸ்ட்ல மறுபடியும் தங்கம். கணக்கைப் பாருங்க: உடம்பு 77-க்குள்ள, தூக்கினது 328. இந்த விளையாட்டுல சும்மா எடை ஏறினா, அடுத்த பிரிவுக்குத் தள்ளி இன்னும் பெரிய ஆளுங்களோட மோத விடுவாங்க, அவ்வளவுதான்.

அமெரிக்க பேஸ்பால்ல கதையே வேற. 1998-ல மார்க் மெக்வையர் 70 ஹோம் ரன் அடிச்சப்போ அவர் உடம்பைப் பார்த்துப் பேசினவங்க நிறைய. 2010-ல ஸ்டீராய்டு எடுத்ததை அவரே ஒத்துக்கிட்டார். அங்க சந்தேகம் சரியாப் போச்சு.

நம்ம பையன் விஷயத்துல ஒண்ணு இடிச்சது. உடம்பு பதினோரு கிலோ ஏறியும் தூக்குற எடை ஒரு கிலோகூட ஏறல. முகம் மட்டும் நிலா மாதிரி உப்பியிருந்தது. கேட்டேன். "நான் எதுவும் போடலண்ணா, அம்மா குடுக்கிற மாத்திரைதான்"னான்.

பெரியம்மா ஷூ கம்பெனில அப்பர் தைக்கிறாங்க. பையன் ஒல்லியா இருக்கானேன்னு மெடிக்கல் கடையில சொல்லியிருக்காங்க. சீட்டு கேட்காமலேயே ரெண்டு மாத்திரை குடுத்திருக்காங்க. ஒண்ணு சைப்ரோஹெப்டடின், பசியைத் தூண்டும். இன்னொண்ணு டெக்ஸாமெத்தசோன். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனா தசையை வளர்க்கிற வகை இல்ல. நீரும் கொழுப்பும் சேர்ந்து உடம்பு உப்பும், தசை உள்ளுக்குள்ள கரையும். தெரியாத்தனமா குடுத்துட்டேன்னு பெரியம்மா அழுத அழுகை இருக்கே…

அடுத்த மாசம் அவனுக்குப் போட்டி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை போட்டி நேரத்துல தடை செய்யப்பட்டது. அம்மா குடுத்தாங்கன்னு சொன்னா எடுபடாது. உடம்புக்குள்ள என்ன போகுதோ அதுக்கு வீரர்தான் பொறுப்பு, தண்டனை வேணும்னா கொஞ்சம் குறையலாம். 2023-ல மட்டும் இந்தியாவுல எடுத்த 5,606 மாதிரில 213 பாசிட்டிவ். அதுல எத்தனை பேர் தெரிஞ்சே செஞ்சாங்களோ.

சரி, இன்னிக்கே நிறுத்திடலாம்னு நினைச்சேன். நல்லவேளை, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வெளியில இருந்து மாசக்கணக்கா ஸ்டீராய்டு வந்தா, உடம்பு தன்னோட கார்டிசாலைச் சுரக்கிறதைக் குறைச்சிடுமாம். திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்னு சொல்லி வாராவாரம் எவ்வளவுன்னு எழுதிக் குடுத்தார்.

அதனால போட்டிக்குப் போகல. தம்பி ரெண்டு வாரம் என்கூடப் பேசல. போன ஞாயித்துக்கிழமை ஒரு வாட்ஸ்அப் வந்தது. வேற எதுவும் எழுதல, எடை மெஷினோட போட்டோ மட்டும். நாலு கிலோ இறங்கியிருந்தான்.