தொட முடியாத பெயர்கள்



கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் ஒரு சுரங்கத்தின் பெயர்.  அங்கே உழைத்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். ஆங்கிலச் சொற்கள் அவர்கள் பேச்சில் கலந்தன.

'லேம்ப்' என்றால் விளக்கு. 'கோல்டு' என்றால் தங்கம். இவற்றைத் தொடலாம், பார்க்கலாம்.

'டேஞ்சர்' என்றால் ஆபத்து. 'சேஃப்டி' என்றால் பாதுகாப்பு. இவற்றைத் தொட முடியுமா? முடியாது. ஆனாலும் இவையும் பெயர்களே. சுரங்கத்தில் உயிரைக் காப்பவை இந்தச் சொற்கள்தாம். ஆங்கில இலக்கணத்தில் இவற்றை 'அப்ஸ்ட்ராக்ட் நவுன்' என்பார்கள்.

இவை எப்படிப் பிறக்கின்றன? தமிழில் 'உழை' என்பது 'உழைப்பு' ஆகிறது அல்லவா? ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

'டீப்' என்றால் ஆழமான. 'டெப்த்' என்றால் ஆழம். சாம்பியன் ரீப் சுரங்கத்தின் 'டெப்த்' 3 கிலோமீட்டருக்கும் அதிகம்!

'பே' என்றால் பணம் கொடு. 'பேமென்ட்' என்றால் பணம் கொடுத்தல்.

'க்ளோஸ்' என்றால் மூடு. 'க்ளோஷர்' என்றால் மூடுதல். 2001ஆம் ஆண்டு தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 'க்ளோஷர்' ஒரே ஒரு சொல். அதனால் வேலை இழந்தவர்களோ ஆயிரக்கணக்கானோர்.

இத்தகைய சொல்லில் செயல் தெரியும். செய்பவர் யார் என்பது தெரியாது. ஆகவே, ஒரு தாளில் 'பேமென்ட்' என்று இருந்தால் கேளுங்கள்: யார் கொடுப்பார்? யாருக்கு? எவ்வளவு? எப்போது?

நான்குக்கும் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறதா? பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.