ஆற்றங்கரை யாருக்கு?

தோழர்களே, கொலம்பியாவில் பாப்லோ எஸ்கோபார்னு ஒரு போதைமருந்து முதலாளி. 1980களில் தன் பண்ணையில் வேடிக்கைக்கு 4 நீர்யானைகளை இறக்கினான். 1993இல் போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. நீர்யானையை யார் தூக்குவது? விட்டுவிட்டார்கள். இன்று மக்தலேனா ஆற்றுப் பக்கம் 150க்கு மேல். வளர்ந்தது ஒரு டன்னுக்கு மேல் கனம். ராத்திரி கரையேறி மேயும். வழியில் மனுசன் நின்றால் அவ்வளவுதான்.

2009இல் ஒன்றைச் சுட்டதும் நகரங்களில் ஒரே கண்டனம். வேட்டை நின்றது. அங்கே வலை வீசுறவனை யார் கேட்டது? 2022இல்தான் ஆக்கிரமிப்பு இனம் என்று அரசு அறிவித்தது. 2023இல் திட்டம் வந்தது: கருத்தடை, வெளிநாட்டுக்கு அனுப்புவது, சிலவற்றைக் கொல்வது. அந்தத் தோலை அறுத்துக் கருத்தடை செய்வது லேசா? மிருகத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் தீர்மானிக்கிற இடத்தில் அந்த மீனவனும் உட்காரணும்.