கூட்டாஞ்சோற்றுப் பிறந்தநாள்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே கணக்கேடுகளோடு காலம் கழிக்கும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு மேடையேறும் வாய்ப்பு அரிது. எனினும், பிள்ளைகளின் பிறந்தநாளை வீட்டிலேயே கொண்டாடும் முறை ஒன்றைச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். சமையலைப் பற்றிய பேச்சாதலால் தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்நாளில் நம் காலனியில் பிறந்தநாள் என்றால் கேக்கு, பலூன், வருபவர் கொணரும் பரிசு, அதற்கு ஈடாக நாம் திருப்பித் தரும் பரிசு என்று ஒரு வரிசை ஏற்பட்டுவிட்டது. மாதக் கடைசியில் அழைப்பு வந்தால் மகிழ்வதா, மலைப்பதா என்று தெரியாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பரிசு வாங்க இயலாமையால், "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லி அனுப்பாமலிருந்த வீட்டையும் அறிவோம். அன்று அந்தப் பிள்ளை சன்னலருகே நின்று எதிர்வீட்டு ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் மகிழ்ச்சி மற்றொரு குழந்தையின் ஏக்கமாகலாமா? இதுவே எங்களைச் சிந்திக்க வைத்தது.

நம் ஊர்ப்புறங்களில் கூட்டாஞ்சோறு என்றொரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு பிடி பொருள் கொணர்ந்து, ஒன்றாக ஆக்கி, ஒன்றாக உண்பர். அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளை வைத்து விளையாடாத தாய்மார் இங்கே சிலரே இருப்பர். மணலில் சிற்றில் கட்டிச் சிறுசோறு அடுவது நம் இலக்கியம் போற்றும் விளையாட்டு. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் ஆண்டாள், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் முறையிடுகிறார். பெண்பிள்ளை கட்டுவதும் ஆண்பிள்ளை சிதைப்பதுமாக இருந்த அந்த விளையாட்டில், இருவரையும் சேர்த்து அமர்த்தினால் என்ன என்று தோன்றியது.

சென்ற கார்த்திகையில் எங்கள் இளைய மகனுக்கு 8 வயது நிறைந்தபோது 12 பிள்ளைகளை அழைத்தோம். பரிசு வேண்டாம்; ஒரு பிடி அவலோ, ஓர் எலுமிச்சம்பழமோ, ஒரு வெல்லத் துண்டோ போதும் என்று சொல்லியனுப்பினோம். வாயிலில் துணி மூடிய கூடை ஒன்றை வைத்தோம். அவரவர் கொணர்ந்ததை அதில் இட்டு உள்ளே வந்தனர். யார் எது கொணர்ந்தார், யார் கொணரவில்லை என்பது எவர்க்கும் தெரியாது. இந்தக் கூடையே விழாவின் உயிர் என்போம்.

நால்வருக்கு ஒரு குழுவாக மூன்று குழு. ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் கலந்திருந்தனர். நகம் வெட்டி, கை கழுவிய பின்னரே பாத்திரத்தைத் தொடலாம். அடுப்பும் அரிவாள்மணையும் பெரியவர் பொறுப்பு.

முதற்குழுவுக்குக் கோசுமல்லி. கால் கிலோ பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்திருந்தோம். பிள்ளைகள் காரட்டையும் தேங்காயையும் துருவி, நாங்கள் நறுக்கித் தந்த வெள்ளரிக்காயோடு கலந்து, எலுமிச்சை பிழிந்தனர். உப்பை மட்டும் பரிமாறும் வேளையில்தான் சேர்க்க வேண்டும். முன்னரே இட்டால் வெள்ளரி நீர்விட்டுவிடும்.

இரண்டாம் குழுவுக்குப் பானகம். 2 லிட்டர் தண்ணீர், கால் கிலோ வெல்லம், 3 எலுமிச்சை, சிறிது சுக்குப்பொடி, ஏலக்காய்ப்பொடி. வெல்லம் கரைந்ததும் வடிகட்டுதல் இன்றியமையாதது, மண் இருக்கும்.

மூன்றாம் குழுவுக்கு மாலாடு. கால் கிலோ பொட்டுக்கடலை மாவும் 200 கிராம் சர்க்கரைப்பொடியும் கலந்து வைத்தனர். 125 கிராம் நெய்யை உருக்கி, கை பொறுக்கும் சூட்டில் நாங்கள் ஊற்றினோம். ஆளுக்கு இரண்டாக 24 உருண்டைகள் தேறின. சில முட்டைபோலவும் சில சதுரமாகவும் இருந்தன!

கூடையில் சேர்ந்த அவலைக் கண்ட பக்கத்து வீட்டு மராத்திய அம்மையார், தம் நாட்டுத் தடப்பே போஹே செய்யக் கற்பித்தார். மெல்லிய அவலைத் தேங்காய்த் துருவலின் ஈரத்திலேயே ஊறவைக்கும் பண்டம் அது. தாளிதத்தை அவரே செய்தார். நாகபுரியில் வாழும் நாம் அண்டை அயலாரின் சுவையையும் அறிய வேண்டாமா?

பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு சுவையறியும் ஆட்டம். வெல்லம், எலுமிச்சை, உப்பு, வெந்தயம், மிளகு, நெல்லிக்காய் ஆகியவற்றைச் சிறிது சுவைத்து, சுவையின் பெயரைத் தமிழிலே சொல்ல வேண்டும். இனிப்பும் புளிப்பும் எளிதில் வந்தன. கார்ப்பு, துவர்ப்பு என்னும் சொற்களைப் பலர் அன்றுதான் கேட்டனர். நெல்லிக்காய் புளிப்பா, துவர்ப்பா என்று பெரிய வழக்கே நடந்தது. வீட்டுக்கு வெளியே இந்தியிலேயே பேசும் நம் பிள்ளைகள் தமிழில் வழக்காடக் கேட்டது எங்கள் செவிக்கு விருந்தாயிற்று.

நிற்க. இரண்டு எச்சரிக்கைகள். எப்பண்டம் எப்பிள்ளைக்கு ஒவ்வாது என்று பெற்றோரை முன்னதாகவே கேட்டறிக. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு முழு வேர்க்கடலை தரலாகாது, தொண்டையில் அடைக்கும்.

ஆண்பிள்ளைக்குச் சமையல் எதற்கு என்று சிலர் வினவலாம். நளபாகம், வீமபாகம் என்றே நம் முன்னோர் சமையலைப் புகழ்ந்தனர். நளனும் வீமனும் ஆடவரே. மாற்றலாகி வேற்றூரில் தனித்து வாழும் துன்பத்தை இரயில்வே குடும்பங்கள் நன்கறியும். நாளை நம் மகன் எவ்வூரில் இருந்தாலும் பசிக்குத் தன் கையையே நம்பலாம். நாளை அவன் மனைவிக்கு ஒரு வேளை ஓய்வும் கிட்டும். உண்ட பின் பன்னிரு பிள்ளைகளும் தத்தம் தட்டைத் தாமே கழுவி வைத்தனர். விழா நடந்த வீட்டில் இல்லத்தரசி அன்று மாலை அமர்ந்து காப்பி அருந்தியது எங்கள் இல்வாழ்க்கையில் இதுவே முதன்முறை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். துருவுபலகை, சல்லடை, சிறு அகப்பைகள், தட்டுகள், துணி மூடிய ஒரு கூடை ஆகியவற்றைச் சங்கம் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, பிறந்தநாள் வரும் வீட்டுக்கு இரவல் தரலாம். பெட்டிக்கு முதற்பொருளாக எங்கள் வீட்டுக் கூடையை இன்று கொணர்ந்திருக்கிறோம், செயலாளர் ஏற்றருள்க.