குழப்பக் காலத்தில் செய்தி யார் கையில்?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசக் கூடிய இடத்தில் பத்திரிகை, டீவி பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் சம்பளக் கதையோடு அது பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் பேசுகிறோம்.

2018 ஒக்டோபர் 24 நினைவிருக்கிறதா? அன்று நம் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். அதை 1000 ஆக்கக் கேட்டு நம் பிள்ளைகள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். இரண்டே நாள். 26ஆம் திகதி இரவு ஜனாதிபதி பிரதமரை நீக்கி, இன்னொருவரை நியமித்தார். அதே இரவில் புதியவரின் ஆதரவாளர்கள் அரச ஊடக நிறுவனங்களுக்குள் புகுந்தார்கள். விடிந்தபோது அந்த ஊடகங்கள் வேறு எஜமானின் குரலில் பேசின. ஏழு வாரம் நாடே நாற்காலிச் சண்டையைப் பார்த்தது. நம் அரை வயிற்றுக் கதை மூலைக்குப் போனது. மறு ஜனவரியில் கிடைத்தது 700 ரூபாய்தான்.

இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமல்ல. லேக் ஹவுஸ் 1973இல் அரசின் கைக்குப் போனது. பிறகு வந்த எந்த அரசும் அதை விடவில்லை. நம் வரிப்பணத்தில் நடக்கும் ஊடகம், ஆளுக்கொரு ஆட்சியில் ஆளுக்கொரு பாட்டுப் பாடுகிறது.

நம்பத்தக்க செய்தி இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். அதே 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று கதை கட்டினார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி! அடுத்த வாரம் திகன எரிந்தது. அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. பொய்யோடு சேர்ந்து உண்மையின் வாயும் அடைபட்டது. 1977இலும் 1983இலும் இனவெறி நம் லயங்களைச் சுட்டதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அன்று நம்மைச் சுட்ட நெருப்பை இன்று இன்னொருவர் வீட்டுக்கு நாம் கொண்டு போகலாமா?

உண்மையை எழுதியவர்கள் விலை கொடுத்தார்கள். 2006 மே மாதம் யாழ்ப்பாணம் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். ஒருவர் தமிழ்ப் பத்திரிகை, ஒருவர் ஆங்கிலப் பத்திரிகை என்று கொலைகாரன் பார்க்கவில்லை. நாமும் மொழி பார்த்துக் கண்ணீர் விடக்கூடாது.

நமக்கும் ஒரு வழி உண்டு. சங்கம் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் பத்திரிகையைத்தான் முதலில் கையில் எடுத்தார். 1920களில் அவருடைய ‘தேசபக்தன்’ தோட்டத்துக் கொடுமைகளை வெளியே கொண்டு வந்தது.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறோம். யார் சொன்னது, யார் பார்த்தது என்று தெரியாத செய்தியைப் போனில் தள்ளிவிடாதீர்கள். பதற்றமான நாளில் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். சந்தேகம் என்றால் கமிட்டியிடம் வாருங்கள். மூன்றாவது நமக்கே. இந்தச் செய்திமடலில் சங்கத்தின் பிழையைச் சுட்டும் கடிதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அரச டீவியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.