பழைய கணிப்பொறிகளும் நம் கடமையும்
(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ, பழுதுபட்ட கணிப்பொறிகளை என்ன செய்வது என்பதாகும். குப்பையைப் பற்றிப் பேசவா ஒரு தலைமையாசிரியரை அழைத்தார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் குப்பையைப் பற்றி இந்நாட்டில் நம்மைவிட நன்கறிந்தவர் யார்? ஊரில் மாடு செத்தால் அதை இழுத்துச் செல்ல நம் தெருவுக்குத்தான் ஆள் வந்தது. 1927-ஆம் ஆண்டு மகாட் மாநாட்டில், செத்த மாட்டிறைச்சியையும் இழிதொழில்களையும் விட்டொழிக்குமாறு அண்ணல் அம்பேத்கர் மக்களை வேண்டிக்கொண்டார். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. இத்தனைக்குப் பிறகும், ஊருக்கு வேண்டாதது எளியவர் கைக்கு வந்து சேரும் வழி அடைபடவில்லை. ஒரு வாசல் மூடினால் இன்னொன்று திறக்கிறது. அவ்வாறு புதிதாகத் திறந்த வாசல்களுள் ஒன்றே மின்னணுக் கழிவு.

கணிப்பொறி பார்வைக்குத் துப்புரவான பொருள்தான். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதனால் யாதொரு தீங்கும் இல்லை. உடைக்கும்போதுதான் அதன் வயிற்றிலிருப்பது வெளிப்படுகிறது. பழைய பெட்டி வடிவ மானிட்டரின் கண்ணாடிக்குள் ஒன்றிலிருந்து மூன்று கிலோ வரை ஈயம் கலந்திருக்கும். அதற்குப் பின் வந்த தட்டை மானிட்டர்கள் பலவற்றில், திரைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய விளக்குக் குழல்களில் பாதரசம் உண்டு. மதர்போர்டில் உதிரிகளைப் பற்றவைத்த இடமெல்லாம், பழைய கருவிகளில், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசே. யு.பி.எஸ். பெட்டியினுள்ளே ஈயத் தகடும் கந்தக அமிலமும் இருக்கின்றன. இவற்றோடு தங்கமும் இருக்கிறது. ஒரு டன் தங்கத் தாதுவிலிருந்து சில கிராம் தங்கமே கிடைக்கும். ஒரு டன் மதர்போர்டுகளிலோ நூறு கிராமுக்கு மேலும் கிடைக்கக்கூடும். ஆகவேதான் செத்த இயந்திரத்திற்கும் விலை இருக்கிறது. அந்த விலையைத் தம் உடம்பால் கொடுப்பவர் யார் என்பதே நம் கேள்வி.

காயலான் கடைக்குப் போன கணிப்பொறி அங்கேயே நின்றுவிடுவதில்லை. இரும்புப் பெட்டியைத் தனியே பிரித்து எடைக்குப் போடுவார்கள். செம்புக் கம்பியின்மேல் உள்ள உறையை நீக்கப் பொறுமை ஏது? குவித்துத் தீ வைத்துவிடுவார்கள். பி.வி.சி. உறை எரியும் புகையில் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. மதர்போர்டை அடுப்பின்மேல் காட்டி உதிரிகளை உருவுவார்கள்; எஞ்சியதை அமிலத்தில் முக்கித் தங்கம் பிரிப்பார்கள்; மிச்ச அமிலம் சாக்கடைக்குப் போகும். டெல்லியின் சீலம்பூரிலும், பித்தளைப் பாத்திரத்திற்குப் பெயர்பெற்ற முராதாபாத்திலும் இத்தொழில் பல ஆண்டுகளாகக் குடிசைத் தொழில்போல் நடந்து வந்திருக்கிறது. முராதாபாத்தில் ராமகங்கை ஆற்றங்கரையே சாம்பல் கழுவும் இடமாயிற்று. தலித்துகளும் ஏழை இஸ்லாமியரும் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த கூலிகளுமே இந்நாடெங்கும் கழிவு பிரிக்கும் வேலையில் மிகுதியாக உள்ளனர். பெண்கள் வீட்டு வாசலில் அமர்ந்து பிரிப்பார்கள். பக்கத்தில் குழந்தை விளையாடும்.

அந்தக் குழந்தையைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்வழியே உட்செல்லும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவரைப்போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும் என்றும், தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈயம் மூளையைத் தாக்கும், கவனம் சிதறும், கற்கும் திறன் குறையும். சீன நாட்டின் குவாங்டாங் மாநிலத்தில் குய்யூ என்னும் ஊர், உலகத்துப் பழைய கணிப்பொறிகளை உடைத்தே வாழ்ந்தது. அங்கே ஆறு வயதுக்குட்பட்ட 165 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் நால்வருக்கு மேல் அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டிய ஈயம் இருந்தது. நாம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைப்பள்ளி நடத்திப் பிள்ளைகளின் அறிவை வளர்க்கிறோம். அதே அறிவைப் பிறப்பிலேயே மழுங்கடிக்கும் ஒரு பொருளை, எடைக்கு எடை காசு வாங்கிக்கொண்டு, வேறொரு சேரிக் குழந்தையின் வாசலுக்கு அனுப்பலாமா?

குய்யூவுக்கு அந்தக் கணிப்பொறிகள் எப்படி வந்தன? பெரும்பகுதி செல்வ நாடுகளிலிருந்து வந்தது. கழிவு என்று சொன்னால் தடை வரும். ‘பயன்படுத்திய பொருள்’ என்று சொன்னால் கப்பல் ஏறும். இதைத் தடுக்கவே 1989-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அப்படியும் ஓட்டைகள் இருந்தமையால், 2025 சனவரி முதல் எல்லாவகை மின்னணுக் கழிவுக்கும், பெறும் நாட்டின் முன் இசைவு கட்டாயமாக்கப்பட்டது.

நாடுகளுக்குள் நடந்த அதே கதை தெருக்களுக்குள்ளும் நடக்கிறது. நம்மைப் போன்ற அமைப்புகளுக்கு அலுவலகங்களிலிருந்து கணிப்பொறிகள் நன்கொடையாக வருகின்றன. மாலை மரியாதையுடன் பெற்றுக்கொள்கிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். பத்துப் பெட்டிகளில் நான்கு ஓடும், ஆறு ஓடா. ஓடுகின்றவற்றால் நம் பிள்ளைகள் தட்டச்சும் கணக்கியலும் கற்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த நன்றியை மறக்கமாட்டோம். ஆனால் ஓடாதவை நன்கொடையா? கொடுத்தவருக்கு இடம் மிச்சம், பெயர் இலாபம், நமக்கோ கழிவு. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஆண்டில் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் தன் கழிவைப் பதிவுபெற்றோரிடமே ஒப்படைக்க வேண்டும். அதை நம் வாசலில் இறக்குவது விதியைத் தாண்டும் குறுக்கு வழியாகிவிடக்கூடாது. இனிமேல் நன்கொடை தருவோர் முன்னிலையிலேயே ஒவ்வொரு பெட்டியையும் இயக்கிப் பார்த்து, ஓடுவதை மட்டும் ஏற்பது என்று செயற்குழு முடிவெடுத்தல் நலம். கொடுப்பதை வாங்கிக்கொள் என்ற காலம் போய்விட்டது.

நம் கழகம் சிறியது. ஆயிரம் கருவிகள் நம்மிடம் இல்லை. ஆகவே மேற்சொன்ன கட்டாயம் நம்மை எட்டாது. காயலான் கடைக்காரர் ரொக்கமாகக் கொடுப்பார், மறுசுழற்சியாளர் அவ்வளவு கொடுக்கமாட்டார், கட்டட நிதிக்குப் பணம் வேண்டுமே என்று உறுப்பினர் சிலர் கேட்பதிலும் நியாயம் உண்டு. நம்மிடம் பணம் மிகுந்து கிடக்கவில்லை. எனினும் இந்த இழப்பை ஏற்க வேண்டும் என்பதே நம் கருத்து. அந்த வித்தியாசப் பணம் வானத்திலிருந்து விழுவதன்று. கையுறையின்றி அமிலத்தில் கைவிடும் ஒருவனின் கூலியிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் மிச்சம் பிடித்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். மெதுவாக ஓடும் கணிப்பொறி செத்த கணிப்பொறி அன்று. கூடுதல் ராம் பொருத்தி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. மாற்றினால் பல பெட்டிகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுபோனதால் தூக்கியெறியப்படுபவை பல. அவற்றில் லினக்ஸ் நிறுவலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்ததை நம் இளைஞர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவை ஐம்பது இலட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டவை. இன்று எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ! அவற்றின் பாட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது, தீப்பற்றும். தனியே எடுத்து, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்து ஒப்படையுங்கள். யு.பி.எஸ். பாட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கொடுப்பதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். நம் கழகக் கணிப்பொறியில் என்ன இருக்கிறது? உதவித்தொகை விண்ணப்பங்கள், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கின்றன. கோப்பை அழித்துவிட்டாலும், அவசரமாக ‘ஃபார்மட்’ செய்தாலும், அவற்றை மீட்க வழியுண்டு. முற்றும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். ஓடாத டிஸ்க்கைக் கழற்றித் துளையிட வேண்டும். நம் சாதியை அறிந்துகொண்டு யார் எதற்குப் பயன்படுத்துவார் என்பதை விளக்கத் தேவையில்லை.

பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் உள்ளது. ஐந்தாறு பெட்டிகளுக்கு அவர்கள் வண்டி அனுப்பத் தயங்குவார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகள், சங்கங்கள், படிப்பகங்கள் சேர்ந்து ஒரே நாளில் திரட்டினால் வருவார்கள். எடையும் எண்ணிக்கையும் குறித்த இரசீதை வாங்கிக் கழகக் கோப்பில் வைக்க வேண்டும்.

இதனால் தெருவில் தள்ளுவண்டி தள்ளும் நம் உறவினரின் பிழைப்பு போகுமே என்பீர்கள். அவர் சேகரிப்பதில் தீங்கில்லை. உடைப்பதிலும் எரிப்பதிலும்தான் தீங்கு. முழுதாகச் சேகரித்து முழுதாகவே பதிவுபெற்ற இடத்திற்குக் கொடுத்துக் கூலி பெற அவருக்கு வழி செய்யலாம். 2022 விதிகளில், மறுசுழற்சிக்குத் தொழிற்பேட்டையில் இடம் ஒதுக்குதல், தொழிலாளருக்குத் திறன் பயிற்சி அளித்தல், அவர்தம் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் உறுதிசெய்தல் ஆகியன மாநில அரசின் பொறுப்பெனக் கூறப்பட்டுள்ளது. இது சலுகையன்று, கேட்டுப்பெற வேண்டியது. பழுதுநீக்கிப் புதுப்பிப்போர் என்னும் வகையில் பதிவுபெறவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் மின்னணுவியல் பயின்றுவிட்டு வேலையின்றி நிற்கும் நம் இளைஞர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் இதைத் தொடங்கலாம். அதே கழிவுதான், ஆனால் உடைக்கும் கூலியாக அன்றி, கற்ற தொழிலாளியாகவும் உரிமையாளனாகவும் அதனருகே நிற்பது வேறு.

விழா முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பின்னறையில் உள்ள ஓடாத பெட்டிகளை இறக்கிக் கணக்கெடுக்கலாம் எனச் செயலாளர் அவர்களிடம் கேட்டிருக்கிறோம். திருப்புளி வைத்திருப்போர் கொண்டுவருக. பரணில் கிடக்கும் மடிக்கணினிகளையும் எடுத்து வருக.